வாடை ஆட்சேபம்

“வாடை வந்துட்டா எங்களால இருக்க முடியாது சார்” என்றாள் செல்லம்.

“எந்த வாடைம்மா?”

“எந்த வாடையாவா? நல்லாக் கேட்டீங்க. கரியக் கொண்டாந்து எங்களுக்கு வடக்கால குமிக்கப் போறோம்ங்குறீங்க. அப்புறம் எந்த வாடைன்னா?”

“சரி சரி. உங்களுக்கு வாடை பழக்கந்தானே?”

“பழக்கந்தான். மார்கழி, தை, மாசி பூரா அதுலதானே கெடக்குறோம்.”

“ரொம்ப இருக்குமோ?”

“சில நாளு ஆளையே தள்ளிடும். கண்ணத் தொறக்க முடியாது.”

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அதிகாரிகளில் ஒருவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். கேள்வி கேட்டவனுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அப்புறம் எப்படிம்மா இத்தனை வருஷம் காலம் தள்ளுனீங்க?”

“அது இல்லாட்டிக் கருவாடு ஏது சார்? வாடையில காஞ்சாத்தான் அது கருவாடு. இல்லாட்டிப் புழு.”

“சரிம்மா, எழுதிக்கிட்டேன். உக்காருங்க.”

“நல்லாப் பாத்து எழுதிக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. அவர்களும் முகங்கொடுத்துக் கேட்டார்கள். அந்த நிம்மதியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சவுக்குமேட்டுச் சமுதாயக் கூடத்தில் நடந்த கூட்டம் அது. 2008, ஆடி மாதம். காரைக்காலுக்கு அடுத்த இருபது வருஷத்துக்கு எங்கெங்கே என்னென்ன வரவேண்டும் என்று ஒரு திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழவாஞ்சூரில் துறைமுகம் வருகிறது என்றதும் எங்கிருந்தெல்லாமோ கம்பெனிகள் வந்து இடம் கேட்டன. அதில் ஒன்று, நிலக்கரியைக் குவித்து வைக்கச் சவுக்குமேட்டுக்கு வடக்கே இருந்த மணல் திடலைக் கேட்டது. ஊரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாதாம். அதனால் கேட்டார்கள்.

கேட்டு எழுதிக்கொண்டவன் பெயர் நவநீதன். கணினியில் வரைபடம் போடுவதற்காக நகரத்திலிருந்து அமர்த்தப்பட்ட ஆலோசனை நிறுவனத்துப் பையன். நல்ல பையன்தான். ஆனால் அவன் பிறந்து வளர்ந்த இடத்தில் காற்றுக்குப் பெயர் கிடையாது. ஃபேனைப் போட்டால் வரும். கடலோரத்தில் வாடை என்றால் வடக்கிலிருந்து அடிக்கிற காற்று. அவன் வீட்டில் வாடை என்றால் நாற்றம். அவன் மடிக்கணினியில் ஆட்சேபங்களைப் போடுவதற்கு ஐந்து கட்டங்கள் இருந்தன: நாற்றம், சத்தம், போக்குவரத்து, நிலம், மற்றவை. செல்லத்தின் பேச்சை அவன் முதல் கட்டத்தில் போட்டான். மீன்காரி நாற்றத்துக்கு ஆட்சேபம் சொல்கிறாள் என்றுதான் முன்வரிசையும் சிரித்தது. இந்தப் பக்கத்து மண்ணிலேயே பிறந்த திட்ட அதிகாரி கைலாசநாதன் அங்கேதான் இருந்தார். செல்போனில் பேசிக்கொண்டிருந்தவர், மற்றவர்கள் சிரித்ததைப் பார்த்துத் தானும் சிரித்துவைத்தார்.

அன்றைக்கு அங்கே இருந்திருக்க வேண்டியவள் தையல்நாயகி. கைலாசநாதனுக்குக் கீழே உதவித் திட்ட அலுவலர். அம்பகரத்தூரில் நெல் விளைவிக்கிற குடும்பம். வாடை அடித்தால் கதிர் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அன்று பார்த்துப் பாண்டிச்சேரித் தலைமை அலுவலகத்துக்கு வரைபடச் சுருளைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் போயிருந்தாள்.

ஐப்பசி பிறந்து மழை விட்டிருந்த ஒரு காலையில், காரைக்கால் கோவில்பத்தில் தையல்நாயகி குடியிருந்த வீட்டு வாசலில் செல்லம் மீன் கூடையை இறக்கினாள். வாரம் இரண்டு தடவை வருகிறவள்தான்.

“சங்கரா இருக்கு, பாறை இருக்கு. என்னாம்மா வேணும்?”

“சங்கராவ எடு. நேத்துப் பிடிச்சதா?”

“ஆமா, உங்களுக்குன்னு போன வாரம் பிடிச்சு வச்சிருந்தேன். செவுளத் தூக்கிப் பாருங்க. நான் ஏமாத்துறவளா?”

“கேட்டா கோவத்தப் பாரு.”

செல்லம் சிரித்துக்கொண்டே அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தாள். செதில் தெறித்தது.

“ஏம்மா, வாடைக்கு என்னதான் செய்யப் போறாங்களாம் ஒங்க ஆபீசுல? மழ முடிஞ்சா ஆரம்பிச்சுடும்.”

தையல்நாயகிக்கு நினைவு வந்தது. ஆட்சேபங்களுக்கான பதில்கள் அச்சாகி முந்தின நாள்தான் அவள் மேசைக்கு வந்திருந்தன.

“அதுக்கு மருந்து தெளிப்பாங்களாம். சுத்தி மல்லிகை, மனோரஞ்சிதம்லாம் வைக்கிறதா போட்டுருக்காங்க. நிலக்கரிக்குன்னு தனியா வாடை எதுவும் கிடையாது, அதனால ஆட்சேபம் தள்ளுபடின்னும்…”

சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள். செல்லமும் அரிவதை நிறுத்தியிருந்தாள்.

“காத்துக்கு சென்ட்டு அடிக்கப் போறாங்களா?”

“செல்லம், நீ அன்னிக்கு என்னா சொன்ன?”

“வாடை வந்துட்டா இருக்க முடியாதுன்னு சொன்னேன். வேற என்னாத்தச் சொல்ல? அந்தத் தம்பி கூட நல்லா விசாரிச்சுச்சு, ரொம்ப இருக்குமான்னுலாம் கேட்டுச்சு.”

தையல்நாயகி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். செல்லத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் முதலில் அவள் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. “நாங்க நாத்தத்துக்கு மனு குடுத்தோமா! அதான் அந்தச் சிரிப்பு சிரிச்சானுவளா!” என்றாள். அப்புறம் சிரிப்பு தானாக நின்றது.

“அம்மா, களம் போயிடும்மா.”

களம் என்று அவள் சொன்னது கருவாட்டுக் களத்தை. நாலு வருஷத்துக்கு முன் மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தபோது செல்லத்தின் புருஷனையும் படகையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. அவளைப் போல அந்த ஊரில் இன்னும் பல பேர். கரையில் இருந்த குடிசைகளுக்குப் பதிலாகச் சவுக்குத் தோப்புக்கு இப்பால் சிமெண்டு வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். வீடுகளுக்கு வடக்கே மிஞ்சிய மணலில் பெண்கள் களம் போட்டார்கள். மழைக்குப் பிறகு வருகிற வாடையில்தான் வருஷத்துக் கருவாடெல்லாம் காயும். அந்தக் காற்று கரித்தூளைச் சுமந்து வந்தால் ஒரு துண்டுகூடத் தேறாது.

“நான் சரிபண்ணிடறேன். ஒரு சொல்லுதானே, மாத்தி எழுதச் சொன்னா முடிஞ்சுது” என்றாள் தையல்நாயகி.

“சொல்லுதான்” என்றாள் செல்லம். “பாத்துச் செய்ங்கம்மா.”

அலுவலகத்தில் நவநீதன் இருந்தான். தையல்நாயகி நின்றுகொண்டே சொன்னாள்.

“தம்பி, வாடைன்னா வடகாத்து.”

“எது மேடம்?”

“அந்தம்மா சொன்ன வாடை. நாத்தமில்ல. காத்து.”

அவன் முகம் வெளுத்தது. “அய்யோ. ஆளைத் தள்ளும்னாங்களே மேடம். நான் மீன் நாத்தம் அவ்வளவு இருக்கும்போலன்னு…”

“கரித்தூள் எந்தப் பக்கம் போகும்னு கணக்குப் போட்டீங்களே, அதுல எந்தக் காத்தக் குடுத்தீங்க?”

“வருஷத்துச் சராசரி மேடம். சராசரியா தென்மேற்கு. தூள் பூரா கடலுக்குப் போயிடுது.”

“சராசரியா யாரும் கருவாடு காயவைக்கிறதில்ல தம்பி.”

தப்பைத் திருத்த அவன்தான் அவசரப்பட்டான். வடகாற்றின் அளவுகளைத் தேடி எடுத்துப் போட்டான். கைலாசநாதனையும் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செயற்கைக்கோள் எடுத்த படத்தில் சவுக்குமேட்டு வீடுகள் தீப்பெட்டிகளாகத் தெரிந்தன. கணினி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு வடக்கே திடலிலிருந்து ஒரு சிவப்பு கிளம்பி, களத்தை மூடி, வீடுகளை மூடி, தோப்பின் தென்கோடிவரை போய் நின்றது.

“பாருங்க சார்” என்றாள் தையல்நாயகி. மனசுக்குள் அவள் ஜெயித்துவிட்டிருந்தாள்.

கைலாசநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். “நல்லவேளை கண்டுபிடிச்சீங்க.”

“அப்ப கரிக் கிடங்க வேற எடத்துக்கு மாத்தணும் சார்.”

“கிடங்க எதுக்கு மாத்தணும்?”

“சார், சிவப்பு ஊர் மேல இருக்கு.”

“அதான் சொல்றேன். சிவப்புல தொழில் இருக்கலாம், குடியிருப்பு இருக்கக் கூடாது. விதி அது. ஊர மாத்திட வேண்டியதுதான். அம்பகரத்தூர்ப் பக்கம் அரசு இடம் கெடக்கு. உங்க ஊர்தான், நல்ல தண்ணி.”

“கடல் எங்க சார் இருக்கு அங்கேருந்து?”

“பஸ் போகுதே.”

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் தையல்நாயகியைப் பயமுறுத்தியது.

“சார், அவங்கள ஒரு தடவ மாத்தி நாலு வருஷம் ஆவல.”

“தையல்நாயகி, நான் வேலைக்குச் சேர்ந்தப்ப ஊரு எங்க இருக்குன்னு பாத்து ரோடு போட்டோம். இப்ப ரோடு எங்க வருதுன்னு பாத்து ஊர வைக்கிறோம். வேல மாறிப்போச்சு, நாமளும் மாறிக்க வேண்டியதுதான். கப்பல் வருது, லாரி வருது, வெளியூர் ஆளு வருது. அதுக்கெல்லாம் எடம் நான் எங்கேருந்து கொண்டாறது? சவுக்குமேட்டுல எளவட்டம் எத்தன பேரு இருக்கான், சொல்லுங்க. சிங்கப்பூரு, துபாய், திருப்பூரு. தம்பி, அந்தப் படத்தக் காட்டுங்க.”

நவநீதன் தயங்கினான். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினான். மக்கள்தொகைக் கணிப்பின்படி 2028இல் காரைக்கால் எப்படி இருக்கும் என்று ஏற்கெனவே போட்டு வைத்திருந்த படம் அது. துறைமுகம் இருந்தது, கிடங்கு இருந்தது, நாலு வழிச் சாலை இருந்தது. சவுக்குமேடு இருந்த இடத்தில் பச்சை வண்ணம் பூசியிருந்தது.

“இது எப்பப் போட்டது?”

“கூட்டத்துக்கு முன்னாடியே மேடம்” என்றான் அவன், திரையைப் பார்த்தபடி. “எப்படியும் ஊர்ல ஆள் குறைஞ்சுடும்னு கணக்குல வந்துச்சு. அதான் பசுமை வளையம்னு…”

தையல்நாயகி திரைக்குக் கிட்டே வந்தாள். “அப்ப அந்த வடகாத்த எடுத்துடுங்க தம்பி. பழையபடியே இருக்கட்டும்.”

“எடுத்துடலாம் மேடம். ஆனா அப்படி ஒரு காத்து அங்க கிடையாதுன்னு ஊர்க்காரங்க யாராவது சொல்லணும்.”

“தெரிஞ்சுக்கிட்டே ஜனங்களக் கரியில உக்கார வைக்கச் சொல்றீங்களா?” என்றார் கைலாசநாதன். “நீங்களே சொல்லுங்க.”

தெரியாதவரைக்கும் அது தப்பு. தெரிந்துவிட்ட பிறகு அது குற்றம். தெரியவைத்தவள் அவள்.

“ஆட்சேபத்துல தெளிவில்லன்னு மறுபடி ஒரு கூட்டம் போட்டுடுவோம்” என்றார் அவர். “வாடை உண்டுன்னு சொன்னா எடத்த மாத்திக் குடுத்துடுவோம். இல்லன்னா இருந்துட்டுப் போகட்டும். நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. நீங்களே கேளுங்க.”

சவுக்குமேட்டுக்கு அவள் போனபோது ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் உத்திராபதி வலைக்கூடத்தில் இருந்தார். செல்லத்தையும் கூப்பிட்டு அனுப்பினார். வந்தவள் முகம் மலர்ந்திருந்தது.

“சொன்னீங்களாம்மா? காதுல ஏறுச்சா?”

“ஏறுச்சு.”

“பாத்தீங்களா தலைவரே, நான் சொல்லல? அம்மா முடிச்சுட்டு வந்துடும்னு.”

தையல்நாயகி எல்லாவற்றையும் சொன்னாள். பச்சை வண்ணத்தை மட்டும் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்து வந்தாள், அதையும் சொல்லிவிட்டாள். உத்திராபதி வலையைக் கீழே வைத்தார். வலைக்கூடத்தில் மற்றவர்களும் கையை நிறுத்திவிட்டார்கள்.

“அப்ப, வாடை இருக்குன்னா நாங்க போவணும்.”

“ஆமாங்க.”

“இல்லன்னா?”

“வீடு நிக்கும். கரி வந்து களத்துல விழும். வீட்டுக்குள்ளயும் வரும். அப்புறம் ஆட்சேபம் பண்ண முடியாது, நீங்கதானே இல்லன்னு சொன்னீங்கன்னுடுவாங்க.”

“ஆக, எப்படியும் கரி கரிதான்.”

“கோர்ட்டுக்குப் போலாங்க. நான் சொல்றேன், ஒரு வக்கீல்…”

“நீங்க சொன்ன வரைக்கும் போதும்மா” என்றார் உத்திராபதி. கோபமாகச் சொல்லவில்லை. “நாத்தம்னே இருந்திருந்தா நாலு மல்லிகச் செடியாவது வந்திருக்கும். எங்களப் போகச் சொல்லி எவனும் கேட்டிருக்க மாட்டான்.”

செல்லம் குறுக்கே வந்தாள். “தலைவரே, நான் வாயத் தொறந்து சொன்னது. அத மாத்த மாட்டேன். இருக்குற காத்த இல்லன்னா, கடலுக்குப் போறவனுக்கு அடுக்குமா?”

“அம்பகரத்தூர்ல போயி எந்தக் கடலுக்குப் போவ?”

“கோர்ட்டுக்குப் போவோம். அம்மாதான் சொல்லுதே.”

“கோர்ட்டு தீர்ப்பு சொல்லுற வரைக்கும் நீ எங்க இருப்ப?” அவர் எழுந்தார். “ஊரு கூடிப் பேசும். என்னா முடிவோ அத ஒரே வாய்தான் சொல்லும். முதல்ல யாரு சொன்னாங்களோ அவங்கதான் சொல்லணும். இல்லாட்டி ரெண்டு பேச்சுன்னு ஆயிடும்.”

“நான் சொல்லலன்னா?”

உத்திராபதி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பஞ்சாயத்துப் பேச்சை மீறினால் சவுக்குமேட்டில் நல்லது கெட்டதுக்கு யாரும் வரமாட்டார்கள். மீன் ஏலத்தில் அவளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். களத்தில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் பாய் விரிக்க மாட்டார்கள். அதை அவர் சொல்ல வேண்டிய அவசியமில்லை. சுற்றி இருந்தவர்கள் யாரும் செல்லத்தைப் பார்க்கவில்லை. அது ஏற்கெனவே தொடங்கிவிட்ட மாதிரி இருந்தது.

இரண்டாம் கூட்டம் தை மாதத்தில் வைக்கப்பட்டது. கூட்டம் பெரிதாக வரும் என்று கூடத்துக்கு வெளியே பந்தல் போட்டிருந்தார்கள். வாடை விடியற்காலையிலிருந்தே அடித்துக்கொண்டிருந்தது. பந்தல் துணி வயிறு உப்பி உப்பி அடங்கியது. பந்தல் கால்களை மணலில் ஆழமாக ஊன்றியும் போதாமல், நாலு பேர் ஆளுக்கொரு கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் களத்தில் கருவாட்டுப் பாய்களின் ஓரங்களில் கல் வைத்திருந்தது. ஊரே வந்திருந்தது. ஆடியில் சலசலவென்று இருந்த கூட்டம் இது அல்ல.

கைலாசநாதன் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார். அதில் காற்றின் இரைச்சல்தான் கேட்டது. “ஆரம்பிங்க” என்றார்.

தையல்நாயகி எழுந்தாள். புடவையை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நேராகப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தும், கண் செல்லத்தின் தோளுக்கு மேலே போனது.

“செல்லம். இந்த ஊர்ல வாடைக் காத்து அடிக்குமா?”

செல்லம் எழுந்து நின்றாள். தலைமுடி அவிழ்ந்து முகத்தில் அடித்தது, அவள் ஒதுக்கிவிடவில்லை. உத்திராபதி மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பைப் பிடித்திருந்த ஒருவன் காற்றின் இழுப்பில் இரண்டடி நகர்ந்து மறுபடி காலை ஊன்றினான்.

“அடிக்காதுங்க” என்றாள் செல்லம்.

“கொஞ்சம் சத்தமா” என்றார் கைலாசநாதன்.

“அப்படி ஒரு காத்து இங்க கெடையாதுங்க!”

“அப்ப ஆடி மாசம் வாடைன்னு சொன்னது?”

“அதுங்களா. அது மீன் வாடைங்க. நாத்தம்.” தொண்டையைச் செருமிக்கொண்டாள். “எங்களுக்குப் பழகிப்போச்சு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. நவநீதன் மடிக்கணினியில் தட்ட வேண்டும். மேசை மேல் மணல் வந்து விழுந்துகொண்டே இருந்தது. விசைகளுக்கு நடுவில் புகுந்த மணலை ஊதி ஊதித் தட்டினான். கைலாசநாதன் இரண்டு கைகளாலும் தாள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டார். “தையல்நாயகி, கையெழுத்து” என்றார். அவள் போட்டாள். பேனா இழுத்த இடத்தில் மணல் நெரிந்தது.

ஜீப் கிளம்பத் தயாரானபோது செல்லம் வந்தாள். கையில் ஓலைப்பெட்டி ஒன்று இருந்தது. கைலாசநாதன் முன்சீட்டில் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“இந்தாங்கம்மா. வஞ்சிரக் கருவாடு.”

“செல்லம், நான் எதுக்காகச் சொன்னேன்னா…”

“வச்சுக்கிடுங்க. வேற யாருக்காவது வேணும்னாலும் இந்த மாசத்துக்குள்ள வந்து வாங்கிக்கிடச் சொல்லுங்க. லாரிக்கு ரோடு போடுறதுக்கு இன்னிக்குக் காலையிலயே ஆளு வந்து களத்துல சுண்ணாம்புக் கோடு இழுத்துட்டுப் போயிட்டான்.”

“இன்னிக்குக் காலையிலயா? கூட்டம் இப்பத்தானே முடிஞ்சுது.”

“ஆமாம்மா” என்றாள் செல்லம். “நாங்களும் அதத்தான் பேசிக்கிட்டோம்.”